சிறிய வளவுக்கு, ஓடில்லாத விதைக்கு எந்தப் பூசணி?

கேள்வி இதுதான்: களுவாஞ்சிகுடிப் பக்கம் சிறிய மணல் வளவு, கிணறு உண்டு. பூசணி போட்டால் கொடி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரை வரை போய்விடுகிறது. ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும் வகை உண்டா? அதிலேயே கோது உடைக்காமல் அப்படியே வறுத்துத் தின்னக்கூடிய விதையும் கிடைக்குமா? காயையும் கறிக்கு எடுக்கலாமா?

முதல் இரண்டும் ஒரே செடியில் கிடைக்கும். மூன்றாவதை மறந்துவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அது விளங்கினால்தான் எந்த விதையை வரவழைப்பது, எந்த மாதத்தில் போடுவது என்பதெல்லாம் சரியாக வரும்.

மட்டக்களப்புச் சந்தையில் கீற்றுக் கீற்றாக வெட்டி விற்கிறார்களே, அந்தப் பூசணி குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனம். விவசாயத் திணைக்களத்தின் ஏ.என்.கே. ருகுணு, மீமினி வகைகள் எல்லாமே இந்த இனந்தான். வெப்பத்துக்குப் பழகியது, கச்சான் காற்றையும் ஓரளவு தாங்கும், சதை இனிப்பு. ஆனால் நீங்கள் கேட்கும் ஓடில்லாத விதை இந்த இனத்தின் வகைகளில் விற்பனைக்கு இல்லை. அது இன்னோர் இனத்தில், குக்குர்பிட்டா பெப்போவில் இருக்கிறது. நுவரெலியாப் பக்கமிருந்து ஹோட்டல்களுக்குப் போகும் சுக்கினி, அந்தப் பெப்போவின் ஒரு வடிவம். இரண்டையும் காம்பைப் பார்த்தே பிரித்தறியலாம். நம்முடையதில் காம்பு காயோடு சேரும் இடத்தில் பூப்போல விரிந்து அகன்றிருக்கும். பெப்போவில் காம்பு ஐந்து விளிம்போடு கட்டையாக, கடினமாக இருக்கும். இலையைத் தடவினால் முள்முள்ளாகக் குத்தும்.

ஓடில்லாத விதை முதலில் கவனிக்கப்பட்டது ஒஸ்திரியா நாட்டின் ஸ்டீரியா மாகாணத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். விதைக்கு எண்ணெய் ஆட்டுவதற்கென்றே அங்கே பூசணி பயிரிட்டார்கள். அதில் இயற்கையாக வந்த ஒரு மரபுமாற்றத்தால், விதையின் வெளி அடுக்குகள் மரம்போல இறுகாமல் மெல்லிய சவ்வாக நின்றுவிட்டன. உள்ளே பருப்பு கடும் பச்சை. அந்தப் பச்சை எண்ணெய்க்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஒரு லீற்றர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ உலர்ந்த விதை, அதற்கு முப்பது காய்வரை வேண்டும் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் ஒரு காய்க்கு எண்பது கிராம் அளவு, அதுவும் நடுத்தரமான பெரிய காய்க்கு. உங்கள் வளவில் நான்கு செடி வைத்து, செடிக்கு இரண்டு காய் எடுத்தால் அரைக் கிலோ விதை வரலாம். இந்த அளவு போதும் என்றால் மேலே வாசியுங்கள். பிள்ளைகளுக்குக் கொறிக்க என்றால் தாராளம். விற்பதற்கென்று நினைத்திருந்தால் சிறு வளவு காணாது.

சதை ஏன் வேண்டாம் என்கிறேன்? தலைமுறை தலைமுறையாக விதைக்காகவே தெரிவு செய்யப்பட்ட செடி அது. காயின் சதை நாராக, தண்ணீராக, சப்பென்று இருக்கும். ஸ்டீரியாவில் விதையை எடுத்துவிட்டுச் சதையை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் நம் வீட்டில் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ஆட்டுக்கு, மாட்டுக்குப் போடலாம், கூட்டெருக் குழிக்குப் போடலாம். கறிக்கு நம் பூசணியை ஒரு கொடி தனியே வேலியில் விட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

போஞ்சியில் பற்றைப் போஞ்சி, கொடிப் போஞ்சி என்று இரண்டு இருப்பதுபோல் பெப்போவிலும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம்: பூசணியில் ‘பற்றை’ என்று பக்கற்றில் போட்டிருந்தாலும் கடைசிவரை பற்றையாகவே நிற்கும் என்று நம்பவேண்டாம். இந்தக் குணத்தைத் தரும் மரபணு இளஞ்செடியில் பலமாக வேலை செய்யும், கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி குந்தியிருக்கும். காய் பிடித்து வயது ஏற ஏற அதன் பிடி தளர்ந்து, செடி ஒரு பக்கமாக நாலைந்து அடி இழுக்கத் தொடங்கும். அதனால்தான் விதைக் கம்பனிகள் பலவும் ‘அரைப் பற்றை’ என்று எழுதுகின்றன. ஒரு செடிக்கு நாலடிக்கு நாலடி ஒதுக்கினால் சமாளிக்கலாம். கொடி வகை என்றால் எட்டு, பத்து அடியாவது போகும்.

உங்கள் வளவுக்கு என் முதல் தெரிவு காக்காய். பெயர் அப்படித்தான், பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரைப் பற்றை, இரண்டு மூன்று கிலோக் காய், செம்மஞ்சள் தோலில் கரும்பச்சைக் கோடுகள். விதை முழுதும் ஓடில்லாதது, பருமனும் நல்லது. விதைத்ததிலிருந்து ஏறத்தாழ நூறு நாள். ஒரு செடியில் இரண்டு காய்க்கு மேல் விடாதீர்கள்.

இரண்டாவதாக நேக்கட் பேர் என்ற கலப்பினம். காய் சிறிது, ஒரு கிலோவைச் சுற்றி வரும், விதையும் அதற்கேற்பக் குறையும். ஆனால் சாம்பல் நோயைக் கொஞ்சம் தாங்கும் குணம் அதற்கு உண்டு. நம் பக்கத்தில் மாசி, பங்குனியில் காலைப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வரும்போது பெப்போ இலையில் மா தூவியதுபோலச் சாம்பல் படியும். அந்த ஒரு குணத்துக்காகவே இதைக் காக்காயோடு சேர்த்து இரண்டு செடி வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஸ்னக்ஜாக் என்று ஒன்றும் உண்டு, நல்ல ஒடுக்கமான பற்றை, சின்னக் காய். சாக்கில் வளர்ப்பவர்களுக்கு அது பொருந்தும்.

பேபி பேர் என்ற பெயர் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். 1993இல் அமெரிக்காவில் விருது வாங்கிய வகை, கையில் அடங்கும் அழகான காய். ஆனால் அதன் விதை முற்றாக ஓடில்லாதது அல்ல, மெல்லிய கோது இருக்கும். வறுத்துக் கோதோடு மெல்லலாம். நீங்கள் கேட்டது இதில் இல்லை.

லேடி கொடைவா, கிளைஸ்டோர்ஃபர், சாதாரண ஸ்டீரியன், 2016இல் விருது பெற்ற பெப்பிட்டாஸ் ஆகியவற்றில் விதை அருமையாக இருக்கும். ஆனால் எல்லாமே நீளமாக ஓடும் கொடிகள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது என்றால் இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். கடலோரப் பக்கமான எழுவான்கரை மணல் வளவுக்கு இவை வேண்டாம்.

கடையில் பக்கற்றில் விற்கும் பச்சைப் பூசணி விதையை முளைக்கப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது இயந்திரத்தில் கோது நீக்கிய சாதாரண விதை. தட்டையாக, வெளிர்பச்சையாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். சிலவேளை முனை ஒடிந்திருக்கும். அது முளைத்தாலும் அதில் வரும் காயின் விதைக்கு ஓடு இருக்கும். பிறவியிலேயே ஓடில்லாத விதை கொழுத்து, கருமை கலந்த பச்சையாக, மேலே வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய சவ்வும் விளிம்பில் ஒரு வரம்பும் கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் சவ்வு உரியும். வறுத்தது என்றால் இரண்டுமே முளைக்காது.

விதை இலங்கைக் கடைகளில் கிடைப்பது அரிது, வெளியிலிருந்துதான் எடுப்பிக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் சொல்லிக் கடித உறைக்குள் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதை இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். அதைக் கவனிப்பது கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுகாப்புச் சேவை. பூசணி இனத்தில் சில வைரசுகள் விதை வழியாகவும் வரக்கூடியவை, அது சும்மா போட்ட சட்டம் இல்லை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் பேசுங்கள்.

இனி, வகையைவிட முக்கியமான விசயம்: காலம். என்னைக் கேட்டால் இதில் பாதி வெற்றி நாட்காட்டியில் இருக்கிறது. பெப்போ குளிர் நாட்டுக் கோடையில் பழகிய செடி. பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் புழுங்கினால் அது ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், பெண் பூ வந்தாலும் மொட்டிலேயே உதிரும். நமக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி. நவம்பர், டிசம்பரில் மணல் வளவிலும் தண்ணீர் நிற்கும், அப்போது போட்டால் வேர் அழுகும், இலையும் அழுகும். வைகாசியில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் அகன்ற இலைகள் நண்பகலில் துவண்டு தொங்கும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை. இடையில் கிடைப்பது ஒரு ஜன்னல்தான். தைப்பொங்கல் கழிந்ததும் தட்டில் விதைத்து, பெப்ரவரி முதல் வாரத்தில் நிலத்துக்கு மாற்றினால், குளிர்ச்சியான இரவுகளில் பூத்து, சித்திரைக்குள் காய் முற்றிவிடும். அந்தக் காலத்துக் குறுகிய பகலும் பெண் பூவுக்குத் துணை செய்யும். சிறுபோகத்தில் போடலாமா என்று கேட்டால், நம் பூசணியைப் போடுங்கள், இதைப் போடவேண்டாம்.

முளைப்பு இந்த வகைகளின் பலவீனமான இடம். ஓடு என்பது விதைக்குச் சட்டை மட்டுமல்ல, கிருமிக்கும் பூச்சிக்கும் எதிரான மதிலும். அது இல்லாததால் ஈர மண்ணில் நாலு நாள் கிடந்தாலே விதை கூழாகிவிடும். நம் பூசணி விதையை இரவு முழுக்க ஊறவைத்துப் போடும் பழக்கத்தை இங்கே கைவிடுங்கள். நேரே நிலத்திலும் போடவேண்டாம். எறும்பும் எலியும் இதற்குக் கோது உடைக்கும் வேலை இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிடும். கழுவி உலர்த்திய தும்புத்தூளோடு கொஞ்சம் மணல் கலந்து நாற்றுத் தட்டில் நிரப்புங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடையில் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையைப் படுக்கவைத்து மூடி, நிழலான சூடான இடத்தில் மேசைமேல் வையுங்கள், மேசைக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும். முளை தலைகாட்டும்வரை திரும்பத் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. தட்டு மேலே காய்ந்தால் ஈரச் சாக்கொன்றால் மூடினால் போதும். மூன்றில் ஒன்று முளைக்காமல் போகலாம் என்று எண்ணியே விதை வாங்குங்கள். இரண்டாவது உண்மை இலை வந்ததும் மாற்றி நடுங்கள், அதைவிடத் தாமதித்தால் வேர் சுற்றிக்கொள்ளும்.

நிலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பூசணி போட்டுப் பழகிய கை உங்களுடையது. ஒன்றரை அடிக் குழி, மாட்டெருவும் கூட்டெருவும் பாதிக்குப் பாதி, மேலே வைக்கோல் மூடாக்கு. பற்றை வகைக்கு இலை குறைவு, வேரும் சிறிய பரப்பில்தான் தேடும். அதனால் கொடிக்கு இடுவதைவிடக் குழியில் எரு கூடுதலாகவே இருக்கட்டும். யூறியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், விதை கொழுக்காது. தண்ணீரை வேரில் விடுங்கள், இலையில் படவேண்டாம்.

மகரந்தச் சேர்க்கையில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். கறிக்குப் பூசணி வளர்ப்பவருக்குக் காய் பிடித்தால் போதும். உங்களுக்கு விதை வேண்டும். ஒவ்வொரு விதையும் ஒரு மகரந்தத் துகள் போய்ச் சேர்ந்ததால் உண்டாவது. பாதிச் சேர்க்கையில் பிடித்த காய் வெளியே சரியாகத் தெரிந்தாலும், வெட்டினால் உள்ளே பாதி விதை சப்பையாகக் கிடக்கும். பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் ஒன்பது மணிக்கே சுருங்கும். ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் போய், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் சூலகமுடி மடல்கள் எல்லாவற்றிலும் பதமாகத் தேயுங்கள். மடல்களில் மஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டவேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுத்தால் இன்னும் நல்லது. தேனீ வரும் வளவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

பூச்சிகளில் பழ ஈதான் பெரிய தலையிடி. பூ வாடிக் காய் கோலிக்குண்டளவில் இருக்கும்போதே பழைய பருத்தித் துணிப்பை கட்டிவிடுங்கள், பாகலுக்கும் புடலுக்கும் கட்டுவது போலத்தான். சிவப்பு வண்டு இளநாற்றின் இலையைச் சல்லடையாக்கும், அதிகாலையில் கையால் பிடிக்கலாம். இலை நெளிந்து மஞ்சள் பச்சைத் தேமலாக வந்தால் அது வைரசு, மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி எரிப்பதே மற்றச் செடிகளைக் காப்பாற்றும் வழி. பெப்போ இந்த விசயத்தில் நம் பூசணியைவிட மெலிந்தது.

அறுவடைக்கு அவசரப்படாதீர்கள், ஆனால் மறந்தும் விடாதீர்கள். காய் பிடித்து ஐம்பது நாள் அளவில் தோல் நிறம் மாறி, நகம் இறங்காமல், காம்பு காய்ந்து தக்கைபோல ஆகும். அப்போது காம்போடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். குளிர் நாடுகளில் இதை ஒரு மாதம்வரை வைத்து விதையைக் கொழுக்கவிடச் சொல்வார்கள். நம் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். அதற்கு மேல் வைத்தால் ஓடில்லாத விதை காய்க்குள்ளேயே முளைவிடத் தொடங்கும். வெட்டினால் வெள்ளை வால்களோடு சதைக்குள் புதைந்து கிடக்கும், அதன்பின் தின்னவும் சரிவராது.

விதையைத் தண்ணீரில் கழுவிச் சதையைப் பிரித்து, வலைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நிழலில் காயவிடுங்கள். சீமெந்துத் தரையில் நண்பகல் வெயிலுக்குப் போட்டால் பருப்பு வெந்துபோகும். வளைத்தால் வளையாமல் ‘டக்’ என்று முறியும்போது காய்ந்துவிட்டது என்று அர்த்தம். விதையின் எடையில் பாதிக்குக் கிட்டக் கொழுப்புத்தான், ஆகவே ஈரமும் சூடும் பட்டால் காறிவிடும். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். வறுப்பதற்குத் தாச்சியை மெல்லிய நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல், உப்புத் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். விதைகள் உப்பி வெடிக்கத் தொடங்கியதும் இறக்கவேண்டும், நிறம் மாறும்வரை நின்றால் கசக்கும்.

அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாமா? எடுக்கலாம், அதில் நமக்கொரு வாய்ப்பும் இருக்கிறது. ஓடில்லாத குணம் ஒடுங்கு குணம்: தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் வெளிப்படும். பக்கத்தில் யாராவது சுக்கினியோ அலங்காரப் பூசணியோ வளர்த்து அதன் மகரந்தம் வந்து சேர்ந்தால், இந்த வருட விதையில் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் விதையின் ஓடு தாய்ச்செடியின் திசு. அந்த விதையை நட்டு வரும் அடுத்த செடியின் காயை வெட்டும்போதுதான் எல்லா விதைக்கும் ஓடு வந்து நிற்பதைக் காண்பீர்கள். ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ வளவுகளில் பெப்போ மிக அரிது. வேலியெல்லாம் ஓடும் நம் பூசணி வேறு இனம் என்பதால் சாதாரணமாக இதோடு கலந்து விதை பிடிக்காது. ஐரோப்பியத் தோட்டக்காரர் பூவைக் கட்டி, மூடி, காவல் காப்பதை நீங்கள் அவ்வளவு செய்யவேண்டியதில்லை. விதைக்கென்று ஒரு காயை ஒதுக்கி, அந்தப் பெண் பூவை முதல்நாள் மாலையே நூலால் கட்டி, காலையில் அவிழ்த்துக் கையால் சேர்த்துத் திரும்பக் கட்டினால் போதும். நேக்கட் பேர் போன்ற கலப்பினத்தின் விதையை எடுத்தாலும் ஓடில்லாத குணம் மாறாது, பெற்றோர் இரண்டிலும் அது இருக்கிறது. மாறுவது செடியின் வடிவமும் காயின் அளவும். ஒன்று குந்தி நிற்கும், இன்னொன்று ஓடும். குந்தி நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நான்கு தலைமுறை தெரிவு செய்தால், உங்கள் மணலுக்கும் சூட்டுக்கும் பழகிய சொந்த வகை ஒன்று கையில் வரக்கூடும். இப்படி ஒருவர் பொறுமையாகச் செய்வதைப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

ஒரேயோர் எச்சரிக்கை. எந்தப் பூசணியாவது நாக்கில் வைத்தவுடன் கடும் கசப்பாக இருந்தால், சதையோ விதையோ, துப்பிவிட்டு முழுதையும் எறியுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, வயிற்றை ஒரு வழி பண்ணிவிடும். அலங்காரப் பூசணியோடு கலந்த விதையில் இது வரும். அந்தச் செடியிலிருந்து விதையும் எடுக்கக்கூடாது.

அனுமதி எடுத்து விதை வந்து சேர மாதங்கள் ஆகலாம், ஆகவே தைக்குப் போட நினைத்தால் ஆடி, ஆவணியிலேயே வேலையைத் தொடங்குங்கள். அதுவரை பூசணி விதை இல்லாமல் இருக்கவேண்டியதில்லை. கறிக்கு வாங்கும் பூசணியின் விதையைக் கழுவி நன்றாகக் காயவைத்து, தாச்சியில் லேசாகச் சூடாக்குங்கள், கோது மொறுமொறுப்பாகும். ஆறியபின் விதையை நிமிர்த்திப் பிடித்து அதன் விளிம்பைப் பாக்குவெட்டியால் மெல்ல அழுத்தினால் கோது இரண்டாகப் பிளந்து பருப்பு முழுதாக வரும். நேரம் எடுக்கும், ஆனால் பருப்பின் சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை.